இரண்டாம் எண் உறுப்பினர்

1. நூறு வினோதமான ஆட்கள்

அரசுத் துறையில் டேட்டா சயின்டிஸ்ட் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது வெப்சைட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது அதில் இல்லாதது. இதை வெளியே சொல்லலாமா என்று பல வருஷம் யோசித்தேன். இப்போதும் முழு மனதாகச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஸ்டாடிஸ்டிக்ஸில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு இந்தத் தேர்வுக்குப் படித்தேன். அந்த வருஷம் விட்டால் அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மும்பை தாராவியில் எங்கள் வீடு நூற்றுப் பத்து சதுர அடி. அம்மா இட்லி வியாபாரம். இரண்டு கிரைண்டரும் இட்லிப் பாத்திரங்களும் போக மிச்ச இடத்தில் காலை நீட்டலாம், லேப்டாப்பை வைக்க முடியாது. அதனால் பகல் முழுக்க மாதுங்காவில் ஒரு ரீடிங் ரூமில் இருப்பேன்.

கூடப் படித்தவள் மெகர். அவள் மாமா லெதர் பேக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பேக்கில் பிசிறு வெட்டுகிற மாதிரியே டேட்டாவிலும் வெட்டுவாள். நான் ஒவ்வொரு வரியையும் முறைத்துப் பார்ப்பேன்.

அந்தத் துறை வருஷா வருஷம் அதே வீடுகளுக்குப் போய் சர்வே எடுக்கும். பெயர், விலாசத்தை நீக்கிவிட்டு ஃபைலைப் பொதுவில் போடும். பிராக்டிகல் கேள்வி அந்த மாதிரி ஃபைலில்தான் வரும் என்பதால் நாங்கள் அதையே வைத்துப் பழகினோம். ஒரு மத்தியானம் அவுட்லையர் பயிற்சி. ஒவ்வொரு ஆளும் எவ்வளவு வினோதமானவர் என்று புரோகிராம் மதிப்பெண் போடும். நம்ப முடியாத வரிகள் மேலே வந்து நிற்கும்.

"மேல வந்த நூறையும் தூக்கிரு. அவ்வளவுதான் வேல," என்றாள் மெகர்.

"பாக்காமயாட்டி தூக்குவாவ?"

"பாத்துக்கிட்டே இரு. அதுக்குள்ள எக்ஸாம் முடிஞ்சிரும்."

நான் பார்த்தேன். முதல் வரியில் ஒரு பெண். வயது இருபத்து மூன்று, முதுகலை ஸ்டாடிஸ்டிக்ஸ். ஒரே அறை, நூற்றுப் பத்து சதுர அடி. தாய் விதவை, பள்ளிக்கூடம் போகாதவர், வீட்டிலேயே உணவு வியாபாரம். இப்படி ஒருத்தி இருக்கவே முடியாது என்று புரோகிராம் அடித்துச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மைப் போல இன்னொருத்தி இருக்கிறாளே என்று நினைத்தேன்.

பிறகு பொருட்களின் பட்டியலைத் திறந்தேன். கிரைண்டர் இரண்டு, கீபோர்டு ஒன்று.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கீபோர்டு இருக்கிறது. என் அண்ணன் அந்தோணி கோயில் பாடகர் குழுவில் வாசித்தது. அவன் போன பிறகு யாரும் அதை இறக்கியதில்லை.

அந்த வீட்டின் உறுப்பினர்களைத் திறந்தேன். ஒன்று அம்மா. மூன்று நான். இரண்டாம் எண்ணில் ஓர் ஆண், வயது இருபத்தைந்து.

2. வயது கூடியவன்

அந்தோணி பதினேழு வயதில், ஜூலை மழையில், சயானில் டியூஷனுக்குப் போனான். திரும்பி வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் துணியை விலக்கிக் காட்டிய முகங்களை எல்லாம் அம்மா பார்த்தாள். எதுவும் அவனுடையது இல்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. அவன் செத்துவிட்டான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது இன்னொன்றை நான் எடுத்தால், அம்மா என் கையில் அடித்து அதைப் பிடுங்கிவிடுவாள்.

பழைய வருஷங்களின் ஃபைல்களையும் இறக்கினேன். பதினெட்டு வயதில் மாணவன். பத்தொன்பது, இருபது, மாணவன். இருபத்தொன்றில் வேலை தேடுகிறார். இருபத்திரண்டில் மாதச் சம்பளம். இருபத்து நாலில் திருமணம் ஆனவர். அந்த வருஷம் நான்காம் எண்ணில் ஒரு பெண் சேர்ந்திருந்தாள், படிப்பு நர்சிங். கடைசி வருஷம் ஐந்தாம் எண்ணில் பெண் குழந்தை, வயது பூஜ்யம்.

ரீடிங் ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பூக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன், அண்ணி, குழந்தை மூன்று பேருடைய மதிப்பெண்ணையும் பார்த்தேன். பட்டியலில் அடியில் கிடந்தார்கள். ஒரு குறையும் இல்லாத, நம்பத் தகுந்த, சாதாரண மனிதர்கள். உயிரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான்தான் நீக்க வேண்டிய முதல் வரி.

"என்னட்டி, பேயப் பாத்தியா?" என்றாள் மெகர்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

3. அம்மாவின் பதில்

அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"சர்வேக்காரங்ககிட்ட அண்ணனப் பத்தி என்னம்மா சொன்ன?"

அவள் நிமிரவில்லை. "வருசா வருசம் வாராவ. வீட்ல கித்னா ஆத்மி, எத்தன பேருன்னு கேக்காவ. மொதத் தடவ மூணுன்னுட்டேன். இல்லன்னு சொல்ல வாய் வரலட்டி."

"அப்புறம்?"

"அடுத்த வருசம் வந்தா வயசு கேக்காவ. வயசு கூடும்லா, கூட்டிச் சொன்னேன். இருவத்தொண்ணு ஆயிட்டு, இன்னுமா படிக்கான்னு கேட்டாவ. வேல தேடுதான்னேன். பொறவு கல்யாணம் ஆயிட்டான்னு கேட்டாவ. நல்லாயிருக்க பிள்ளைக்கு ஆவலன்னா சொல்லுவேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வேலைக்கான விண்ணப்பத்தில் குடும்ப விவரம் என்று ஒரு பக்கம் உண்டு. சகோதரர் என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். ஒரே அரசாங்கத்திடம் ஒரே வீட்டைப் பற்றி இரண்டு பதில்கள். யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்க்காரி நான்தான், வேலை போச்சு. இதையெல்லாம் கத்திச் சொன்னேன்.

"நீ இல்லன்னு எழுதுனியா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

அவள் தண்ணீரை வடித்தாள். பிறகு, பக்கத்து வீட்டுச் சேதி சொல்கிற குரலில், "பிள்ளைக்கு ரெண்டு பல்லு மொளச்சிருக்கு," என்றாள்.

எந்த சர்வேயிலும் பல்லைப் பற்றிக் கேட்கிற கேள்வி கிடையாது. அன்று முழுவதும் நான் பரண் பக்கம் திரும்பவில்லை.

4. இன்டர்வியூ

எழுத்துத் தேர்வும் பிராக்டிகலும் செம்பூரில் நடந்தன. பிராக்டிகலில் மெகர் சொன்ன மாதிரி நான் எதையும் தூக்கவில்லை. வினோதமான வரிகளை அப்படியே விட்டு, 'நேரில் சரிபார்க்க வேண்டும்' என்று குறிப்பு எழுதினேன்.

இன்டர்வியூவில் தலைவர் ஆங்கிலத்தில் அதைத்தான் கேட்டார். மற்ற எல்லாரும் நீக்கிய வரிகளை நீங்கள் மட்டும் ஏன் விட்டீர்கள்?

நான் சொன்னேன். எங்கள் சந்தில் சர்வேக்காரர் வரும்போது வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டார் பதில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வந்தவரை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று நினைக்கிறவர்கள். அப்படிச் சொன்ன பதில் எப்போதும் பொருத்தமாக இருக்கும், ஏனென்றால் பொருந்த வேண்டும் என்பதற்காகவே சொன்னது. நிஜம்தான் கோணலாக இருக்கும். அதனால் வினோதமான வரியைவிட ஒழுங்கான வரியை அதிகம் சந்தேகப்படுவேன்.

"உங்களுக்குத் தெரிந்து அப்படி ஒரு வீடு உண்டா?"

"ஒரு வீடு உண்டு, சார். ஐந்து பேர் என்று பதிவு. இருப்பது இரண்டு பேர்."

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது. அந்தச் சொல்லாத வாக்கியம் இன்றும் எனக்குள் உறுத்துகிறது.

5. நெருள்

வேலையில் சேர்ந்ததும், எங்கள் வீடு சர்வே பட்டியலில் இருக்கிறது, அந்த ஃபைலை என்னிடம் தரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அது விதி. என் மேலதிகாரி, நாங்கள் தாயி என்று கூப்பிடும் மராத்திக்கார அம்மா, பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் சர்வே முடிந்த அன்று அம்மா தானாகவே சொன்னாள்.

"இன்னிக்கு வந்தாவ. ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷம் வாயில் வராத பதிலை எனக்காகச் சொல்லியிருக்கிறாள். "அண்ணன் எறந்துட்டான்னு சொன்னியாம்மா?"

"ச்சீ, வாயக் கழுவு. தனிக்குடித்தனம் போயிட்டாவன்னேன். நெருள்ல. விலாசம் கேட்டாவ. வாய்க்கு வந்த செக்டரு, வாய்க்கு வந்த பில்டிங்கு, ஒரு ரூம் நம்பரு."

குடும்பம் பிரிந்தால் புது விலாசத்துக்கும் ஆள் போக வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று குறிப்பு வரும், அத்தோடு முடிந்துவிடும் என்று இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, டீ குடிக்கும்போது தாயி சிரித்துக்கொண்டே கேட்டார். "ஸ்டெல்லா, தேரா பாய் நெருள் மே ரெஹ்தா ஹை? கபீ பதாயா நஹீ!"

உன் அண்ணன் நெருளில் இருக்கிறானா, சொல்லவே இல்லையே என்கிறார். நான் டீயைக் கீழே வைத்தேன். ஆள் போய் வந்தாராம். வீடு பூட்டியிருந்ததாம். பக்கத்து வீட்டார் பதில் சொன்னார்களாம். புருஷன், நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி, ஒரு சின்னப் பெண். சாயங்காலம் வந்துவிடுவார்கள்.

எனக்கும் கணக்குத் தெரியும். போனவர் வெயிலில் அலுத்து, கையில் இருந்த பழைய விவரத்தைப் பார்த்தே எழுதியிருக்கலாம். நெருளில் அப்படி ஆயிரம் குடும்பம் இருக்கலாம். ஒழுங்கான வரியைச் சந்தேகப்படுவேன் என்று இன்டர்வியூவில் வீரம் பேசியவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். அம்மா சொன்ன கட்டட எண் எனக்குத் தெரியும்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று என் கீழ் வேலை பார்க்கும் எல்லாருக்கும் சொல்கிறேன், உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். நான் மட்டும் இன்னும் போகவில்லை. போனால் வீடு பூட்டியிருக்காதோ என்று பயம். வேறு யாராவது கதவைத் திறந்துவிட்டால், அம்மாவிடம் வந்து நான் என்ன சொல்வேன்?

பிள்ளை இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாளாம். போன வாரம் அம்மா சொன்னாள். நான், "அப்படியாம்மா," என்றேன்.