விழுகிறவர்களுக்குப் பின்னால் நின்றவன்

எங்கள் சபையில் பதினோரு வருடம் எனக்கு ஒரே ஒரு ஊழியம்தான். பாஸ்டர் ஒருவருடைய நெற்றியில் கைவைத்து ஜெபிக்கும்போது அவர் பின்னால் சாய்ந்தால், தலை தரையில் மோதாமல் பிடித்துப் படுக்க வைக்க வேண்டும். அதற்குக் கேட்ச்சர் என்று பெயர். எனக்குப் பாட வராது, பிரசங்கம் வராது, ஆவியில் பேசுகிற அந்நிய பாஷை வரவே வராது. செடெனாக் பக்கம் செம்பனைத் தோட்டத்து லாரியில் குலை ஏற்றி வளர்ந்த தோள் மட்டும் இருந்தது. பிரதருக்கு நல்ல உடம்பு என்று சொல்லிப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். ஆவியின் வரங்களில் தோளும் ஒன்று என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் சபை இருக்கிறது. கீழே டயர் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகமளிக்கும் கூட்டம் நடக்கும்போது அந்தக் கடையும் திறந்திருக்கும். மேலே நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கை உயர்த்தி நிற்போம். கீழே நட்டு கழற்றுகிற மெஷின் கத்தும். பழகிவிட்டால் இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும்.

பிடிக்கிற வேலைக்கு முறை உண்டு. அக்குளில் கை வைக்கக்கூடாது. உள்ளங்கையை விரித்துத் தோள்பட்டையில் வாங்கி, நம் முழங்காலை மடக்கி, மெல்ல இறக்க வேண்டும். பெண்களாக இருந்தால் ஒரு சிஸ்டர் ஓடிவந்து காலுக்கு மேல் சால்வை போர்த்துவார். முக்கியமான விதி ஒன்று உண்டு. இறக்கியதும் அங்கே நிற்கக்கூடாது. பாஸ்டர் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருப்பார். நாமும் அடுத்த முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். முதலில் பெண்களைப் பிடிக்க இரண்டு சிஸ்டர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மற்றவர் சிங்கப்பூரில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார். பிறகு என் நரையைப் பார்த்து எல்லாருக்கும் என்னையே நிற்க வைத்தார்கள்.

இத்தனை வருடத்தில் முதுகைத் தொட்டதும் ஆளைச் சொல்லிவிடுவேன். சிலருக்கு விழுவதற்கு முன்பே முழங்கால் மடங்கும். சிலர் சேலையைச் சரிசெய்துகொண்டு சாய்வார்கள். இன்ஷுரன்ஸ் வேலை பார்க்கும் ஒரு தம்பி வாரம் தவறாமல் விழுவான். ஒரு காலைப் பின்னால் நீட்டி நான் இருக்கிறேனா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் விழுவான். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடித்துக் காட்டுவேன். பாவம்ங்க, வாய அடக்குங்க என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவள் நாலாவது வரிசையில் உட்கார்கிறவள். ஒருநாளும் முன்னால் போனதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காகவாவது முன்னால் போங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே கேட்கிறேன், ஆண்டவருக்குக் காது கேட்கும் என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அந்தக் காலத்துல அப்போஸ்தலருங்க ஜெபிக்கிறப்ப பின்னால உங்கள மாதிரி ஒரு ஆள் நின்னாரா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அது மண்டைக்குள் புகுந்துவிட்டது. வேதத்தை எடுத்து முதல் சபையின் கதையை வரிவரியாகத் தேடினேன். விழுந்தவர்கள் இருந்தார்கள். வழியில் வெளிச்சம் கண்டு விழுந்த ஒருவர் நேராக மண்ணில்தான் விழுந்தார், யாரும் பிடிக்கவில்லை. காணிக்கை விஷயத்தில் பொய் சொன்ன கணவனும் மனைவியும் விழுந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஆட்கள் வந்தார்கள், தூக்கிக்கொண்டு போய்ப் புதைப்பதற்கு. என் வேலைக்கு வேதத்தில் கிடைத்த ஒரே ஆதாரம் அதுதான். மற்றபடி அவர்கள் வீடு வீடாகக் கூடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், நோயாளி கூப்பிட்டால் மூப்பர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்நிய பாஷையில் பேசினால் அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் சபையில் எழுபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். நான் உதட்டை மட்டும் அசைப்பேன்.

இதை யாரிடமும் கேட்கவில்லை. பயம்தான். எங்களுக்கு அந்த மாடியை விட்டால் ஊரில் வேறு மனிதர்கள் கிடையாது. பெருநாளுக்கும் அவர்கள்தான், காய்ச்சலுக்கும் அவர்கள்தான்.

பிறகு அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடித்ததாக டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். இத்தனை வருடம் கேலி செய்ததெல்லாம் பொய்யாக இருக்க வேண்டும், அந்த வல்லமை நிஜமாக இருக்க வேண்டும் என்று ஏங்கினேன். அது நிஜம் இல்லை என்றால் எனக்கு அவள் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

சபை மூன்று நாள் உபவாசம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் முதல்முறையாக நாலாவது வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பாஸ்டர் நெற்றியில் கைவைத்து இரண்டு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார். முழங்கால் மடங்கவில்லை, கால் பின்னால் தேடவில்லை, நேராக என் கையில் வந்து விழுந்தாள். பத்துக் கிலோ அரிசிப் பை கனம்கூட இல்லாதது போலிருந்தது. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு விழுதலை நான் பிடித்ததில்லை. இதுதான் அது, வந்துவிட்டது என்று நினைத்தேன். கார்ப்பெட்டில் மெல்ல இறக்கினேன். சிஸ்டர் வந்து சால்வை போர்த்தினார். பாஸ்டர் அடுத்த ஆளிடம் போயிருந்தார். நானும் போனேன்.

அந்த வரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். மகிமையில் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு ஐந்தாவது ஆளைப் பிடித்தேன்.

சுகம் கிடைத்துவிட்டது என்று சபையில் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு இடமில்லாமல் போனது. போனில் யாரிடமாவது முனகினால், அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர், சுகமாயிட்டேன்னு விசுவாசத்தில் அறிக்கை செய்யுங்க என்பார்கள். சுகமானவள் நாளுக்கு நாள் இளைத்தால் பார்க்க வருகிறவர்களுக்கும் சங்கடம்தானே. வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படங்கள் மட்டும் வந்தன. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன் ஐந்து வாரம் எங்கள் கதவைத் தட்டியவர் யாரும் இல்லை. நானும் அவளும் டிவியும்தான் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், பார்வையாளர் நேரம், பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்று பேசிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டிலுக்கு நான் ஒருவன். அவளாகவே அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் ஆவியில விழலீங்க. தைரியமா இருக்கிற மாதிரி நடிச்சி நடிச்சி ஓஞ்சி போயிருந்தேன். பின்னால நீங்க நிக்கிறீங்கன்னு தெரியும். அதான் விட்டுட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "செத்த நேரம் பக்கத்துல உக்காருவீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

"வரிசை இருந்துச்சில்ல" என்றேன்.

"ஆமா லா, வரிசை இருந்துச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டாள். அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. நன்றாகப் பாடினார்கள்.

இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தேன். சாப்பாட்டுக்குப் பக்கத்து மாமாக் கடை, மற்ற நேரத்துக்கு டிவி. கடைக்காரப் பையன் ஆர்டர் கேட்பதைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்காத நாட்கள் இருந்தன. தாங்க முடியாமல்தான் சபைக்குத் திரும்பினேன். விசுவாசம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர்களும் ஒன்றும் கேட்காமல் என்னைப் பழையபடி பின்னால் நிறுத்தினார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, சாஆ என்ற ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா முன்னால் வந்தார். வரிசையில் அவர்தான் முதல் ஆள். விழுந்தார், பிடித்து இறக்கினேன். நான் எழுந்திருக்கப் போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறக்காமலேயே, கொஞ்சம் இருங்க தம்பி என்றார். பாஸ்டர் நகர்ந்துவிட்டார். எனக்குக் கால் எழவில்லை. அப்படியே கார்ப்பெட்டில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது அந்த இன்ஷுரன்ஸ் தம்பி. பாஸ்டர் நெற்றியில் கை வைத்ததும் ஆடினான். ஒரு கால் பின்னால் வந்து தடவியது. ஆள் இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தான், என்னைக் கீழே பார்த்தான், நேராக நின்றுகொண்டான். பாஸ்டர் இன்னும் கொஞ்சம் சத்தமாக ஜெபித்தார். அவன் ஆமென் சொல்லிக்கொண்டு நின்றான். அடுத்தவர் நின்றார். அதற்கடுத்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து நிலவரம் பார்த்துவிட்டு நின்றார். வரிசையில் மிச்சமிருந்த ஆறு பேரும் நின்றார்கள். பாஸ்டரின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. கடைசி ஆளுக்கு வரும்போது சாதாரணமாகப் பேசுவது போல ஜெபித்து முடித்தார். கீழே மெஷின் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எதையும் நிரூபிக்க உட்காரவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? கூட்டம் முடிந்து கறிபாப் பலகாரமும் மைலோவும் கொடுத்தபோது என் மேசைக்கு யாரும் வரவில்லை. அடுத்த வார ஊழியப் பட்டியலில் என் பெயர் இல்லை. பிரதர் ஓய்வெடுக்கட்டும் என்று குரூப்பில் ஒரு வரி மட்டும் வந்தது. ஐம்பது பேர் அதற்குக் கைகூப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். வார நாளெல்லாம் சிங்கப்பூரில் வேலை, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று முகம் வெளுத்திருந்தது. சபையில் என்னைப் பிரதர் என்பவர் வீட்டில் அண்ணே என்று கூப்பிட்டார். காப்பி போட்டுக் கொடுத்தேன். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள், அத்தனை பேரும் நடிக்கிறார்கள் என்றா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. வேதத்தில் தேடிப் பார்த்ததைச் சொன்னேன். அப்போஸ்தலருக்குப் பின்னால் ஆள் நிற்கவில்லை, ஆனால் நோயாளி வீட்டுக்குள் ஆள் போயிருக்கிறது, எங்கள் வீட்டுக்கு ஐந்து வாரம் நீங்களும் வரவில்லை என்றேன். குரலை உயர்த்திவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் காப்பியைப் பார்த்துக்கொண்டே, "ஜனங்க விழலன்னா எனக்கே பயமா இருக்குண்ணே" என்றார். அவரும் என்னைப் போல ஒருவர்தான் என்று அப்போதுதான் பட்டது. அதற்காக மனம் இளகியது என்று சொல்ல முடியாது.

எழுந்து செருப்பு மாட்டும்போது தயங்கினார். அவர் அதைக் கேட்கத்தான் வந்திருக்க வேண்டும்.

"சிஸ்டர் அன்னிக்கு... அவங்களுமா அண்ணே?"

"அவ நடிக்கல பாஸ்டர். என்னை நம்பித்தான் விழுந்தா. நான்தான் அவளத் தரையில விட்டுட்டு உங்க பின்னாலயே வந்துட்டேன்."