புளி போட்டுத் தேய்த்த வெள்ளிக் காசு

பதுளையில் என் கடைக்குப் பின்னால் தோண்டியபோது கிடைத்த ஏழு வெள்ளிக் காசுகளையும், யாரோ எனக்கு வைத்த செய்வினை என்றே முதலில் நம்பினேன். சூரியன், மரம், காளை என்று முத்திரை குத்தியிருந்தால் பயம் வராதா? ஒன்றை மட்டும் புளி போட்டுத் தேய்த்து, பழங்காசு சேர்க்கும் அப்புத்தளை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொண்டுபோய், ஏழு கிடைத்ததையும் சொன்னேன். ஒட்டடைக்குச்சி உடம்பு, எந்தக் காசையும் முதலில் மோந்து பார்ப்பார்.

மோந்ததும் முகம் சிவந்தது. "புளியா போட்டீங்க மொதலாளி? இதென்ன குத்துவிளக்கா?"

காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் படியெடுத்து, பசறையிலும் ஹல்துமுல்லையிலும் காசு சேர்க்கும் தம் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். இரண்டாயிரம் வருசத்துக் காசு என்று இருவருமே எழுதினார்கள். அவர் கோபம் இரட்டிப்பானது.

"மத்த ஆறு காசையாவது தேய்க்காம கொண்டாங்க. தேச்சீங்கன்னா இந்த ஸ்டேஷன் பக்கமே வராதீங்க."

 அந்த ஆறு காசுகளையும், செய்வினைக்குப் பயந்து, கிடைத்த அன்றே பதுளை ஓயா ஆற்றில் எறிந்திருந்தேன்.