கெட்டில் எதிர்க்கடையில், மூடி என்னிடம்

பழைய பீங்கான் டீ செட் சேர்ப்பவனுக்கு முதல் எதிரி கைதவறிப் போடும் வேலைக்காரி அல்ல, அதையே சேர்க்கும் இன்னொருவன்தான்.

எழுபதுகளில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நான் ஒரு பழைய சாமான் கடை வைத்தேன். விக்டோரியா ராணி காலத்து டீ செட் என்றால் உயிரை விடுவேன். நேர் எதிரே அதே வியாபாரம், அதே பைத்தியத்தோடு கண்ணாயிரம். அவன் கடைக்குள் ஒரு வெள்ளைக்காரர் நுழைந்தால் போதும், எனக்கு வயிறு எரியும். எதிர்க்கடை உள்ளவர்களுக்கு இது புரியும்.

தங்கக் கரை

அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் நீலப்பூ போட்ட ஆறு கப் இருப்பதாகத் தகவல் வந்தது. விளிம்பில் தங்கக் கரையாம். கண்ணாயிரம் மோப்பம் பிடிக்கக் கூடாதென்று, கிரிவலம் போகிறவன் மாதிரி நெற்றி நிறைய விபூதியோடு வெறுங்காலில் நடந்தே போனேன்.

நான் வருவது தெரிந்து வீட்டுக்கார அம்மா கப்புகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். பூ இருந்தது, கரையைக் காணோம். விட்டால் கண்ணாயிரம் வாங்கிவிடுவானே என்றுதான் வாங்கினேன். அந்த அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "சாம்பலு போட்டு தேங்கா நாருல தேச்சேன் சார். ஓரத்துல மஞ்சளா ஒரு அழுக்கு, லேசுல போவல!"

சரிபாதி

வேங்கிக்காலில் அண்ணன் தம்பி இருவர் சொத்துப் பிரித்தார்கள். அதே நீலப்பூவில் ஒரு டீ கெட்டில் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவர் மூடியை மட்டும் நீட்டினார். வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பறந்தால், கண்ணாயிரம் கெட்டிலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி வெளியே வருகிறான்!

திரும்பி வந்து தம்பியிடம், இரண்டையும் யாராவது பிரிப்பார்களா என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் சரிபாதின்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. கெட்டிலு அண்ணனுக்கு, மூடி எனக்கு. இதுல என்னாங்க குறை?"

நல்ல மனுஷன்

அப்புறம் பல வருஷம் மூடியில்லாத கெட்டில் அவன் கடை வாசலிலும், மூடி என் கல்லாவுக்கு மேலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டவன் தோற்றவன் ஆகிவிடுவானே!

கடைசியில், ஆசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா கெட்டிலை வாங்கிவிட்டார். நேரே என்னிடம் வந்து மூடி கேட்டார். கண்ணாயிரம் விற்ற கெட்டிலை நான் முழுசாக்குவதா? விற்பனைக்கில்லை என்றேன்.

அடுத்த வாரம், அவர் என் கடையில் வாங்கிய நாற்காலியை அறையில் கொடுக்கப் போனேன். மேஜைமேல் அந்தக் கெட்டிலில் டீ ஆவி பறந்தது. அதன் வாயில் மூடிக்குப் பதிலாக ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், அளவெடுத்துச் செய்தது போல் கவிழ்ந்திருந்தது. நான் முறைப்பதைப் பார்த்து, கற்றுக்கொண்ட தமிழில் சந்தோஷமாகச் சொன்னார்: "கண்ணாயிரம் குடுத்தார். காசு வேணாம் சொன்னார். ரொம்ப நல்ல மனுஷன்!"

மூடி இன்னும் என் கல்லாவுக்கு மேலேதான் இருக்கிறது, விலை கேட்கத்தான் ஆளில்லை.