முகமூடி போடாத நத்தார் பாப்பா

நத்தார் விடுமுறையில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு சத்தம். மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. மனைவி குசினியில் பலகாரம் சுடச் சுட, இவர்கள் களவெடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பாலன் குடிலுக்குச் சீமெந்துப் பையைக் கசக்கி மை பூசி மலை செய்வது என் வேலை. அந்த மையில் பாதி பிள்ளைகளின் முழங்காலில்தான் இருக்கும். நாங்கள் கடற்றொழில் செய்கிற ஆட்கள். நத்தாரை ஒட்டிய நாட்களில் வள்ளம் கரையில் கிடக்கும், நானும் வீட்டில் கிடந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஏச்சு வாங்குவேன். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை.

எங்கள் ஒழுங்கையில் நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் இளம் பெடியள் மேளம் அடித்து, வீடு வீடாக நத்தார் பாப்பாவை, அதுதான் கிறிஸ்துமஸ் தாத்தாவை, கூட்டி வருவார்கள். சிவப்பு உடுப்பும் பிளாஸ்டிக் முகமூடியும் போட்ட ஒருவர் வாசல் படலையில் நின்று ஆடுவார், பிள்ளைகளுக்கு ரொபி இனிப்பு எறிவார். சின்னவள் மூன்று வயதில் அவரைக் கண்டு குழறிக்கொண்டு ஓடி, கட்டிலுக்குக் கீழே புகும்போது நெற்றியை அடித்துக்கொண்டாள். பிறகு காய்ச்சலும் வந்தது. நத்தார் பூசைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை.

புது வருடத்துக்கு அந்தப் பெடியள் திரும்பவும் வந்தார்கள். எங்கள் வீடு வருவதற்கு முன்பே மேளத்தை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் எங்களைக் கடந்து, அடுத்த வீட்டுப் படலையில் மறுபடி அடித்தார்கள். நல்ல மனதோடுதான் அப்படிச் செய்தார்கள். மூத்தவன் படலையைப் பிடித்தபடி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

போன நத்தாருக்குப் பெடியள் என்னைத் தேடி வந்தார்கள். வழக்கமாகப் பாப்பா வேடம் போடுகிறவன் பிரான்சுக்குப் போய்விட்டானாம். உயரமும் வயிறும் உள்ள ஆள் இந்த ஒழுங்கையில் நான்தானாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு வாய் வராது. கோயிலில் தூணுக்குப் பின்னால் நின்றுதான் பூசை காண்பேன். ஏலாது என்றேன்.

"முகமூடி கிடக்குதெல்லே அண்ணை. ஆரெண்டு ஒருத்தருக்கும் விளங்காது," என்றான் ஒருவன்.

மூத்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் தெரியாதுதானே என்று நானும் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் பிள்ளைகளுக்கு முன்னால்தான் உடுப்பைப் போட்டேன். எல்லாவற்றையும் தன் கண்ணாலே பார்த்தால் சின்னவள் பயப்படமாட்டாள் என்று மனைவி சொன்னாள். அது சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வயிறு போதாது என்று சின்னவள் தன்னுடைய குட்டித் தலையணையையும் கொண்டு வந்து செருகினாள். தொப்பியையும் அவளே வைத்துவிட்டாள். கடைசியாக நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். வீறிட்டுக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் ஓடினாள்.

கழற்றிவிட்டுக் கெஞ்சினேன். நெடுநேரம் கழித்துத் தலையை மட்டும் நீட்டினாள். "உள்ளுக்கை ஆரோ இருந்து கதைக்கினம். வாய் அசையேல்லை," என்றாள்.

முகமூடியைத் திருப்பிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரிதான். அந்த வாய் எதற்கும் அசையாமல் சிரித்துக்கொண்டே இருந்தது.

அப்போது பெடியள் படலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மேளம் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு, குச்சியைக் கக்கத்தில் வைத்தபடி நின்றார்கள். மூத்தவன் அந்தக் குச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இன்னொரு தரம் அந்த மேளம் பேசாமல் எங்களைக் கடந்து போவதை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

"முகமூடி வேண்டாம். எனக்குப் பஞ்சாலை தாடி ஒட்டி விடும்," என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் கிழிந்த தலையணையிலிருந்து இலவம் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். குடிலுக்கு நட்சத்திரம் ஒட்டக் காய்ச்சிய மாப்பசை சட்டியில் இருந்தது. சின்னவள் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, என் மடியில் ஏறியிருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள். பஞ்சு மூக்கில் ஏற நான் தும்மினேன், பாதித் தாடி பறந்தது. அவள் குலுங்கிச் சிரித்துவிட்டு மறுபடி ஒட்டினாள்.

ஒரு கையில் ரொபிப் பையோடும் மறு கையில் சின்னவளின் கையோடும் ஒழுங்கையில் இறங்கினேன். எதிர்வீட்டு அக்கா தன் படலையில் நின்றார். ஊரில் அவருடைய வாய்க்குத் தப்பியவர்கள் குறைவு.

"உது ஆர், தூணுக்குப் பின்னாலை நிண்டு பூசை காணுற ஆளே? வழி மாறி வந்திட்டீரோ?"

சனம் சிரித்தது. மேளம் தொடங்கியது. நான் ரொபிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது என் விரலை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது.

"பயப்பிடாதேங்கோ அப்பா. நான் நிக்கிறன்," என்றாள், அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த அதே பிள்ளை.

எனக்கு ஆடத் தெரியாது. வலை இழுக்கத் தெரியும். ரொபிப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிற்றைப் பிடித்து, மேளத்துக்கு ஏற்றபடி பின்வாங்கிப் பின்வாங்கி இழுத்தேன். கயிற்றின் மற்ற நுனி எங்கே என்று பார்த்த மூத்தவன் ஓடி வந்து எனக்குப் பின்னால் பிடித்தான். பெடியள் பிடித்தார்கள். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகப் பிடித்தார்கள். எதிர்வீட்டு அக்காவும் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கடைசியில் சேர்ந்து, "இழுவுங்கோடா, மீன் பெரிசு," என்றார். சின்னவள் முன்னால் நடந்து, படலைக்குப் படலை ரொபி எறிந்தாள். ஒரு வீட்டையும் விடவில்லை.

எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார்கள். நாங்கள் அங்கு வந்து சேர்ந்தபோது என் தாடியில் ஒரு பக்கம்தான் மிஞ்சியிருந்தது. மனைவி கையில் மா ஒட்டியபடி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மேளக்காரப் பெடியன் குச்சிகளை மூத்தவனிடம் நீட்டினான்.

அவன் அடித்த அடியில் தாளம் ஒன்றும் இருக்கவில்லை. கை ஓயும்வரை அடித்தான். சின்னவள் பைக்குள் கிடந்த கடைசி ரொபியை எடுத்துத் தாயை நோக்கி எறிந்தாள். நான் முகமூடியில்லாத முகத்தோடு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, என் சொந்தப் படலையில் ஆடினேன்.