அண்ணி கண்டுபிடித்த நாற்பது நிமிடம்

என் அண்ணி பதினோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். நான் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சாவியால் வந்த தகராறு இது. தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குத்திக்காட்ட வேண்டாம்.

பள்ளிக்கூடம் பேருந்துகளை நிறுத்தியதும் அண்ணி ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு பார்சல் வேலைக்குப் போனார். வேன் நுழையாத சந்துகள் நிறைந்த ரூட். டிப்போவில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஒன்பது இடங்களில் வேனை நிறுத்திப் பூட்டிவிட்டு, பின்னாலிருந்து இரண்டு கரண்ட் சைக்கிள்களை இறக்கி, ஒன்றில் அண்ணனும் ஒன்றில் அண்ணியும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு வாரம் சோதனை. தினமும் இரண்டு மணிக்குள் முடித்தால் ரூட் அவர்களுக்கு.

சைக்கிளோடு வந்த பேட்டரிகள் பழசு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் நான்கு பேட்டரி. இரண்டு பேட்டரி சைக்கிளில் ஓடும்போது மற்ற இரண்டும் வேனுக்குள் சார்ஜ் ஏற வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வேனின் பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, நடுவில் பியூஸ் வைத்து, பின்னால் ஒரு இன்வெர்ட்டரைப் பொருத்தினேன். பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி அது. அதில் சார்ஜர்கள். எஞ்சின் ஓடினால் மட்டும் இன்வெர்ட்டர் வேலை செய்யும்படி ஒரு ரிலேயும் போட்டேன். எஞ்சின் நின்ற பிறகும் சார்ஜர் இழுத்துக்கொண்டிருந்தால் வேனின் பேட்டரி தீர்ந்து வேன் ஸ்டார்ட் ஆகாது. பெரிய புத்திசாலித்தனம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளும் இரண்டு மணிக்குள் முடியவில்லை. ஏழாவது இடத்துக்கு வருவதற்குள் நான்கு பேட்டரியும் படுத்துவிடும். வெள்ளிக்கிழமை பார்சல் கம்பெனி சூப்பர்வைசர், "நாளைக்கும் லேட்டானா மன்னிச்சிடுங்கம்மா, ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வேனை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணன் இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"டேய், சைக்கிள் என்னைச் சுமக்கும்னு சொன்ன. மேட்டுல நான்தான்டா அதைச் சுமந்தேன்."

"பேசாம நில்லுண்ணே, பார்க்கிறேன்."

"என்னத்தைப் பார்க்கிற? என் முட்டி கழண்டு விழுந்திருக்கு, அதைத் தேடு."

வயர் சூடாகவில்லை. பியூஸ் போகவில்லை. இன்வெர்ட்டரின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரம் அண்ணி எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக் கழுத்துக் கயிற்றில் மாட்டினார். விசிறி நின்றது. எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, ஒவ்வொரு இடத்துலயும் சாவியை எடுத்துடுவீங்களா?"

"பின்னே? தொறந்த வீடா அது?"

காலை முழுக்க எஞ்சின் ஓடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். என்னிடம் வருகிற வாடகை வண்டிக்காரர்கள் சாப்பிடும்போதுகூட எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். இவர்கள் வேனோ ஐந்து நிமிடம் ஓடும், அரை மணி நிற்கும். பேட்டரிக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓடவிட்டுட்டுப் போங்களேன். வேற சாவியால கதவைப் பூட்டிக்கலாம்."

"முடியாது தம்பி."

அதற்கு மேல் வற்புறுத்தும் தைரியம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய நாட்களில், ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டிவிட அண்ணி கீழே இறங்கிய நேரத்தில், இன்னொரு குழந்தை டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகியதும், பேருந்து ஒரு முழம் முன்னால் குதித்ததும் எங்கள் குடும்பத்துக்கே தெரியும். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றையிலிருந்து சாவி கழுத்தில்தான்.

சாவி இல்லாமலும் இன்வெர்ட்டர் ஓடுவதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தேன். "அவசரத்துக்கு. ரொம்ப நேரம் போட்டா வேன் கிளம்பாது" என்றேன்.

அண்ணி சுவிட்சைப் பார்க்கவே இல்லை. ரூட் தாளை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, கடைசி இடத்துல இருந்து டிப்போவுக்குச் சும்மா திரும்பி வர்றோமே, அது எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"நீங்கதான சொல்லணும்."

"நாற்பது நிமிஷம். அப்ப சார்ஜ் ஏறுதுதான?"

"ஏறும். ஏறி என்ன, அதான் வேலை முடிஞ்சுடுச்சே."

"அந்த நாற்பது நிமிஷத்தைத் தூக்கி நடுவுல வெச்சா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதன் பிறகு ஐந்துக்குப் போகாமல், சுற்றுச்சாலை வழியாக நேரே ஒன்பதுக்கு. அங்கிருந்து எட்டு, ஏழு, ஆறு, ஐந்து என்று டிப்போ பக்கமாகவே திரும்பி வருவது. ஓடுகிற தூரம் ஏறக்குறைய அதே. ஆனால் தீர்ந்துபோன முதல் இரண்டு பேட்டரியும் நடுவில் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் சார்ஜ் ஏறும். பழைய பேட்டரிக்கு அது பாதி வயிறு.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதை திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"திங்கக்கிழமை உங்க தம்பி மேல நம்பிக்கை இருந்துச்சுங்க."

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன்.

சனிக்கிழமை என்னால் கடையில் இருக்க முடியவில்லை. ஒன்றேகாலுக்கு, அவர்களின் கடைசி இடமான ஐந்தாவது இடத்துக்குப் போய் நின்றேன். மேட்டுத் தெரு. பதினெட்டுப் பார்சல் மிச்சம். அண்ணி சைக்கிளில் சார்ஜ் காட்டும் விளக்கில் ஒரு கோடுதான் எரிந்தது, அண்ணன் சைக்கிளில் இரண்டு.

"அந்த சுவிட்சைப் போடு. பத்து நிமிஷம் ஏத்திக்கலாம்" என்றார் அண்ணன்.

"பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஏறாதுங்க. இந்த மேட்டுல வேன் படுத்துடுச்சுன்னா நீங்களா தள்ளுவீங்க?"

கனமான பார்சல்களையெல்லாம் அண்ணன் சைக்கிளில் ஏற்றிவிட்டார் அண்ணி. தன் சைக்கிளை வேனில் ஏற்றிப் பூட்டினார். சின்னதாக இருந்த ஏழையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தே ஏறினார். நானும் பின்னால் போனேன். பதினெட்டாவது வீட்டுக் கதவை அவர் தட்டியபோது இரண்டு அடிக்க ஒன்பது நிமிடம் இருந்தது.

சூப்பர்வைசர் ரூட்டைக் கொடுத்துவிட்டார். தாளில் இடங்களின் வரிசையையும் அண்ணி எழுதியபடியே மாற்றி அச்சடித்தார்கள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பியூஸ் பார்க்க அந்த வேனுக்குள் ஏறினேன். நான் வைத்த சுவிட்சின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை.