நான் நீக்கிய பத்து எலிகள்

போன வியாழக்கிழமை, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று ஓர் இதழுக்கு அவசர அவசரமாகப் பேசினேன். காரணம், எலி. உயிருள்ள எலி அல்ல – ஒரு கட்டுரையிலிருந்து நான் நீக்கிய எலி.

எங்கள் பக்கத்து வீட்டு சுபத்ரா அக்கா மூளை ஆய்வாளர். பகல் முழுக்க ஆய்வகம். மாலையில், கேட்கிற இதழ்களுக்கெல்லாம் அறிவியல் கட்டுரை. ஆய்வகத் தலைவர் இதற்கு ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்: ஒரு வரியில் மிகைப்படுத்தல் இருந்தாலும் அக்கா எழுதுவதை நிறுத்திவிட வேண்டும்.

அந்தக் கட்டுரைகளின் தமிழைச் செப்பனிடுவது நான். தமிழ் முதுகலை மாணவிக்கு அதைவிட இனிய வேலை வேறென்ன?

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வகத்தில், எந்த எலிக்கு எந்த மருந்து கொடுத்தார்கள் என்று அறியாதவர்தான் விளைவைக் குறிப்பாராம். தெரிந்தவரின் கண், விரும்பியதைப் பார்த்துவிடும் அல்லவா? கட்டுரைக்கும் அதே முறை. விஷயம் தெரியாத ஒருவர் படிக்க வேண்டும். படித்துவிட்டு நாளைக்கு என்ன செய்வார் என்று அவரிடம் கேட்க வேண்டும். பிறகுதான் அனுப்புவது. அந்த ஒருவர், ஜெராக்ஸ் கடை தவமணி அண்ணன்.

இந்தக் கட்டுரை, தூக்கத்தையும் வலிப்பையும் பற்றியது. நன்றாகத் தூங்கிய எலிகளுக்கு வலிப்பு குறைந்ததாம். அக்காவால் ஆய்வகத்தை விட்டு நகர முடியாத நாள்; திருத்தி அனுப்பிவிடச் சொன்னார். 'எலிகளில்' என்ற சொல் பதினோரு இடங்களில் வந்தது. முதல் பத்தியில் சொல்லியாயிற்று... பிறகு எதற்கு? பத்தை நீக்கினேன். நடை தண்ணீராக ஓடியது. அண்ணனிடம் காட்ட நேரமில்லை; இதழுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கோப்புக்கு ஒரு பிரதி எடுக்கப் போனபோது அண்ணன் வழக்கம்போல் படித்தார். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று நானும் வழக்கம்போல் கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு மாத்திரைய நிப்பாட்டிற வேண்டியதுதான். நல்லாத் தூங்குனாப் போதும்னு அக்காவே எழுதியிருக்காகள்ல?"

பரவை ஊரில் இருக்கும் அவருடைய அப்பாவுக்குப் பல வருடங்களாக வலிப்பு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எலிக்குத்தான் அண்ணே, என்றேன். முதல் பத்தியைக் காட்டினேன்.

"அது மேலயே போயிருச்சு தங்கச்சி. கீழ பூரா மனுசன்தான இருக்கான்."

அழகான நடைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

அக்காவை அழைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "பக்கம் அச்சுக்குப் போயிருச்சான்னு கேளு. போயிருந்தா எங்க ஆய்வக சார்ட்ட நானே சொல்லிர்றேன்," என்றார். அவ்வளவுதான்.

இதழுக்குப் பேசினேன். மூன்று மணிக்குத்தான் போகும் என்றார்கள். மணி பன்னிரண்டு... கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவருடைய கம்ப்யூட்டரிலேயே பத்து எலிகளையும் அதனதன் இடத்தில் விட்டேன். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று, அக்காவிடம் கேட்டு ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். கிடைத்தது, மாற்றிவிட்டோம் என்று இதழிலிருந்து பதில் வந்தது. அக்காவுக்குத் தெரிவித்தேன். 'சரி. போய்ச் சாப்பிடு' என்று செய்தி அனுப்பினார்.

அண்ணன் புதுப் பிரதியை முழுதாகப் படித்தார். இம்புட்டு எலியா என்று சலித்துக்கொண்டார். பிறகு தாளை மடித்து வைத்தார்.

"அப்பச் சரி. சாயங்காலம் காளவாசல் மெடிக்கல்ல மாத்திரைய வாங்கிட்டு அப்பா வீட்டுக்குப் போறேன்."

ஒரு கட்டுரை யாரையும் எதையும் மாற்றாமல் விட்டதற்காக நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அன்றைக்குத்தான்.