வால் ஒன்று, தலை பல

“உங்கட உடம்பில தொட்டுக் காட்டாதேங்கோ அண்ணை, மல்லியில காட்டுங்கோ!” என்று சொல்லிக்கொண்டே, உட்கார்ந்த கையோடு மறுபடியும் எழுந்துவிடுகிறாள் சுபோதினி. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி; அவள் அப்படி அழைக்கும் இவன் உயிருள்ள ஆளன்று. சத்துமாத்திரை விற்கும் கம்பெனியார் மேசையருகே நிறுத்திவிட்டுப் போன ஆளுயர அட்டை மனிதன். கழுத்தை இறுக்கி டை கட்டி, பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது அந்த மருந்துக்கடை. மாலையில் பின்னறைகளில் பெரிய மருத்துவர்கள் வந்து நோயாளரைப் பார்க்கிறார்கள். அவர்களைச் ‘சனல்’ பண்ண, அதாவது முன்பதிவு செய்து பார்க்க, வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, இன்னாருக்கு இன்ன மருத்துவர் என்று திருப்பிவிடுவது சுபோதினியின் வேலை.

நோயைத் தன்னுடம்பில் தொட்டுக் காட்டினால் அது அங்கேயே குடியேறிவிடும் என்பது அவள் வீட்டாரின் நம்பிக்கை. தந்தைவழி காரைநகர், தாய்வழி கொட்டாஞ்சேனை. வேறெதிலும் ஒத்துப்போகாத அந்த இரு குடும்பங்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின. ஆகவே ஊராரின் நோவெல்லாம் மல்லியின் தலையில் விழுந்தது. பேனா முனை பட்டுப்பட்டு அவனுடைய முழங்கால் வெளிறிவிட்டது. வயிறெங்கும் நீலப் பொட்டுகள்.

மருத்துவர்களின் நீண்ட ஆங்கிலப் பட்டங்கள் எல்லாம் ஒரே எழுத்துகளில் முடிவதால் வருகிறவர்கள் தடுமாறிப்போவார்கள். “வால் எல்லாத்துக்கும் லொஜிஸ்ற்தான். தலையைப் பாருங்கோ” என்பாள். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், டெர்மட்டோ தோல், காஸ்ட்ரோஎன்டரோ வயிறும் குடலும், எண்டோகிரைனோ சுரப்பிகள். காது, மூக்கு, தொண்டை மூன்றையும் ஒன்றாகச் சுருட்டிய ஒட்டோரைனோலரிங்கோலொஜிஸ்ற் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பாள். அவள் அனுமதித்துக்கொண்ட பெருமை அது ஒன்றே.

ஒன்கோ என்ற தலையை மாத்திரம் அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. புற்றுநோய் பார்க்கும் அந்த மருத்துவரின் பெயரைத் துண்டில் எழுதி, மடித்துக் கையில் வைத்துவிட்டு, எழுந்துபோய் மின்விசிறியைத் திருப்புவாள்.

அன்று மாலை சிவபாதசுந்தரம் வந்தார், கல்கிசையிலிருந்து.

“தங்கச்சி, எனக்கு அந்தக் கார்டியோலொஜிஸ்ற்றைப் போடும்.”

“எங்க நோகுது அண்ணை?”

அவர் குனிந்து மல்லியின் முழங்காலைத் தொட்டார்.

“அதுக்கு ருமட்டோ. மூட்டு பாக்கிறவர்.”

“கார்டியோதான் திறமான டொக்டர் எண்டு மருமகன் சொன்னவன்.”

“திறமான டொக்டர்தான். ஆனா உங்கட முழங்காலுக்கு நெஞ்சில்லையே!”

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். சுபோதினி சிரித்துக்கொண்டே சுடுநீரை ஒரு மிடறு விழுங்கி, கழுத்துச் சால்வையை மேலே இழுத்துவிட்டாள்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அந்தச் சால்வை கழுத்தைவிட்டு இறங்கவில்லை. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஒரு கட்டி. விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்குகிறது. பேனாக்களை அடுக்குகிறாள், கலைக்கிறாள். ரயில் சத்தம் கேட்டால் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். கட்டியைப் பற்றி எவரிடமும் வாய்திறக்கவில்லை. ஆனால் மருந்து எடுத்துக் கொடுக்கும் ஹமீமாவுக்குக் கண் கூர்மை.

“சுபோக்கா, இந்த வெக்கையில சால்வை என்னத்துக்கு?”

“ஏசி குளிருது.”

“ஏசி பழுதாப்போய் ஒரு கிழமையாச்சே!”

சுபோதினி பேனாக்களை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

“நீங்க தண்ணி குடிக்கக்குள்ள நான் கண்டன். எண்டோ டொக்டர் உள்ளுக்குத்தான் ஈக்கிறார். பேரப் போடவா?”

“நாளைக்குப் பாப்பம்.”

“நாளைக்கெண்டு சொல்ற ஆக்களுக்கு நீங்க ஏசுறது எனக்குக் கேக்காதா?”

சுபோதினி எழுந்தாள், வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள். கடைசி ஆளும் போயிருந்தார்.

“எண்டோவோ, இல்லாட்டி...” என்று தொடங்கியவள் அந்த மற்றத் தலையைச் சொல்லவில்லை. “எல்லாருக்கும் சொல்லுறன். எனக்கு எந்தத் தலை எண்டு தெரியேல்லையடி.”

“தெரியாததுக்குத்தானே காட்டச் சொல்ற.”

ஹமீமா மேசையைச் சுற்றி வந்து, சுபோதினியின் கதிரையில் உட்கார்ந்து, பேனாவை நீட்டினாள். குரலையும் அவளைப் போலவே மாற்றிக்கொண்டாள்.

“சொல்லுங்கோ அக்கா, எங்க நோகுது?”

சுபோதினிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பழக்கத்தில் பேனாவை வாங்கி மல்லியின் பக்கம் திரும்பினாள். கொலரும் டை முடிச்சும் அவனுடைய கழுத்தை முழுதாக மூடியிருந்தன. தொட்டுக் காட்ட அங்கே இடமில்லை. பேனா அவன் தாடைக்குக் கீழே சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

அவள் அதை மேசையில் வைத்தாள். சால்வையை உருவி மல்லியின் தோளில் போட்டாள். எச்சிலை விழுங்கி, கட்டி ஏறி இறங்கும்வரை காத்திருந்து, தன் கழுத்தில் தானே விரலை வைத்தாள்.